இணையத்தளத்துக்கு எந்தத் திறமூல முறைமை? திருகோணமலையிலிருந்து ஒரு தொடக்க விளக்கம்

சில ஆண்டுகளுக்கு முன்னர் எங்கள் வாசகர் வட்டத்துக்கு ஓர் இணையத்தளம் இருந்தது. மாதம் ஒருமுறை கூடுவோம். கூட்டத்தில் வாசித்த கட்டுரைகளையும் ஊரின் பழைய படங்களையும் அதில் ஏற்றுவோம். தளத்தைக் கட்டிக்கொடுத்த இளைஞர் வெளிநாடு போய்விட்டார். அடுத்த ஆண்டு, தளத்தை வைத்திருந்த நிறுவனம் அந்தச் சேவையை நிறுத்தப்போவதாக மின்னஞ்சல் அனுப்பியது. அது அவர்களே எழுதிய, அவர்களுடைய வழங்கியில் (சேர்வரில்) மட்டுமே ஓடக்கூடிய முறைமை. கட்டுரைகளை மொத்தமாக இறக்கிக்கொள்ள அதில் வழி இல்லை. முப்பது நாள் அவகாசத்தில் நான்கு பேர் இரவிரவாக உட்கார்ந்து, ஒவ்வொரு பக்கமாகப் படியெடுத்தோம். பாதிக்குமேல் போய்விட்டது. போனவற்றுள் மூதூரைச் சேர்ந்த முதியவர் ஒருவர் கொட்டியாரக் குடாவில் ஓடிய வள்ளங்களைப் பற்றிச் சொல்லச் சொல்ல எழுதிய பக்கங்களும் அடங்கும். அவர் இப்போது உயிரோடு இல்லை.

அன்றிலிருந்து யாராவது தளம் தொடங்கப்போகிறோம் என்று சொன்னால், என்னால் பேசாமல் இருக்க முடிவதில்லை. அண்மையில் மூன்று தரப்பினர் கேட்டார்கள்: உப்புவெளியில் சிறிய விருந்தினர் விடுதி நடத்துபவர் ஒருவர், ஒரு பாடசாலையின் பழைய மாணவர் சங்கம், ஊரின் பழைய ஆவணங்களைச் சேர்க்கும் இளைஞர் சிலர். மூவருக்கும் நான் சொன்ன பெயர்கள் வேறு வேறு. ஆனால் மூவரிடமும் முதலில் கேட்டவை ஒரே இரண்டு கேள்விகள். இந்தத் தளத்தை வாரா வாரம் தொடப்போகிறவர் யார்? ஒருநாள் இங்கிருந்து கிளம்ப வேண்டி வந்தால், எழுதியதையெல்லாம் கையோடு எடுத்துக்கொண்டு போக முடியுமா?

உரை ஓரிடம், உடை ஓரிடம்

இணையப் பக்கம் என்பது அடிப்படையில் ஓர் உரைக்கோப்பு. எச்.டி.எம்.எல். என்ற குறிமொழியில், இது தலைப்பு, இது பந்தி, இந்த இடத்தில் படம் என்று எழுதி வைத்திருப்பார்கள். ஐந்து பக்கங்கள் உள்ள தளத்தை இப்படிக் கையாலேயே எழுதிவிடலாம். சிக்கல் பிறகுதான் தொடங்கும். கிழக்குக் கரையில் மே மாதம் பயணிகள் வரத் தொடங்குவார்கள், விடுதியின் விலை மாறும். அந்த விலை மூன்று பக்கங்களில் வருகிறது என்றால், மூன்று கோப்புகளைத் திறந்து, குறிகளுக்கு நடுவே எண்ணைத் தேடி, ஒன்றும் குலையாமல் மாற்றி, மீண்டும் வழங்கியில் ஏற்ற வேண்டும். விடுதிக்காரருக்கு இது முடியாது. தளம் கட்டியவருக்குத் தொலைபேசி எடுப்பார். அவர் கிடைக்காவிட்டால், பழைய விலையே செப்டெம்பர் வரை தொங்கும்.

உள்ளடக்க முகாமைத்துவ முறைமை, சுருக்கமாகச் சி.எம்.எஸ்., இந்தத் தொல்லைக்குப் பிறந்த மருந்து. உலாவியில் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து உள்ளே போகிறீர்கள். மின்னஞ்சல் எழுதுவதுபோல் ஒரு பெட்டி இருக்கிறது. எழுதி, படம் சேர்த்து, ‘வெளியிடு’ என்ற பொத்தானை அழுத்தினால் பக்கம் தளத்தில் வந்துவிடுகிறது.

உள்ளே நடப்பதைத் தெரிந்துகொண்டால் தெரிவு எளிதாகும். நீங்கள் எழுதிய உரை ஒரு தரவுத்தளத்துக்குள் போய் உட்காருகிறது. பக்கத்தின் தோற்றம், அதாவது நிறம், எழுத்துரு, பட்டியல் எங்கே, படம் எவ்வளவு பெரிது என்பதெல்லாம், தீம் எனப்படும் தனிக் கோப்புகளில் இருக்கிறது. யாராவது பக்கத்தைத் திறக்கும்போது மென்பொருள் உரையை எடுத்து, உடையை அணிவித்து அனுப்புகிறது. உரை ஓரிடம், உடை ஓரிடம். அதனால்தான் ஐந்நூறு கட்டுரைகள் உள்ள தளத்தின் தோற்றத்தை ஒரே மாலையில் மாற்றிவிடலாம். ஒரு கட்டுரையையும் தொட வேண்டியதில்லை. உரையைத் தனியே பிரித்து வேறு முறைமைக்குக் கொண்டுபோக முடிவதும் இதனால்தான். இவை இரண்டும் போக மூன்றாவதாக ஒன்று உண்டு, பிளகின். படத்தொகுப்பு, முன்பதிவுப் படிவம், பன்மொழி வசதி என்று மூல மென்பொருளில் இல்லாத வேலைகளைச் செய்யும் துணைநிரல்கள் அவை.

திறமூலம் என்ற உரிமை

மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் மென்பொருளே திறமூலம். அந்தச் சொல்லைக் கேட்டவுடன் பலரும் ‘காசில்லாதது’ என்றே விளங்கிக்கொள்கிறார்கள். காசு கொடுக்க வேண்டியதில்லை என்பது உண்மைதான். ஆனால் அதன் பெறுமதி உரிமத்தில் இருக்கிறது. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1989இல் வெளியிட்ட ஜி.பி.எல். என்ற உரிமத்தின் வழியில்தான் சி.எம்.எஸ்.களான வேர்ட்பிரஸ், ஜூம்லா, ட்ரூபல் மூன்றும் வெளிவருகின்றன. அந்த உரிமம் நான்கு விடயங்களை உறுதிசெய்கிறது: மென்பொருளை எந்தத் தேவைக்கும் ஓட்டலாம், அது எப்படி இயங்குகிறது என்று பார்த்து மாற்றலாம், படியெடுத்துப் பிறருக்குக் கொடுக்கலாம், மாற்றிய வடிவத்தையும் கொடுக்கலாம்.

நிரல் எழுதத் தெரியாத எனக்கு இதனால் என்ன பயன் என்று கேட்பீர்கள். இரண்டு கதைகள் சொல்கிறேன், இரண்டும் நடந்தவை.

2000களின் தொடக்கத்தில் பி2 என்ற சிறிய வலைப்பதிவு மென்பொருள் இருந்தது. அதை எழுதியவர் ஒரு கட்டத்தில் வேலையைத் தொடரவில்லை. பயன்படுத்தியவர்கள் நடுவழியில் நின்றார்கள். அப்போது அமெரிக்காவில் பத்தொன்பது வயது இளைஞரான மாட் முல்லன்வெக், இங்கிலாந்திலிருந்த மைக் லிட்டிலோடு சேர்ந்து, அதே நிரலை எடுத்து வளர்க்கத் தொடங்கினார். உரிமம் அதை அனுமதித்தது. 2003 மே மாதம் அது வேர்ட்பிரஸ் என்ற பெயரில் வெளிவந்தது. இன்று உலகின் இணையத்தளங்களில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டவை அதில் ஓடுகின்றன.

இரண்டாவது, மாம்போ என்ற சி.எம்.எஸ்ஸின் கதை. அதன் பெயருக்கான உரிமை ஓர் அவுஸ்திரேலிய நிறுவனத்திடம் இருந்தது. நிர்வாகம் யார் கையில் இருப்பது என்பதில் பிணக்கு ஏற்பட்டு, 2005இல் மென்பொருளை எழுதிவந்தவர்கள் வெளியேறினார்கள். பெயரை விட்டுவிட்டு நிரலோடு வெளியேறினார்கள். அந்த நிரல்தான் அதே ஆண்டு ஜூம்லா ஆனது. சுவாஹிலி மொழியில் ‘எல்லோரும் சேர்ந்து’ என்ற பொருள் தரும் சொல்லிலிருந்து அந்தப் பெயரை எடுத்தார்கள்.

எங்கள் வாசகர் வட்டத்துக்கு வாய்க்காதது இதுதான். எழுதியவர் போனாலும் நிறுவனம் மூடினாலும், திறமூல மென்பொருளை இன்னொருவர் எடுத்து நடத்தலாம். நீங்கள் உங்கள் தளத்தை அப்படியே படியெடுத்து, வேறொரு வழங்கியில் வைத்து ஓட்டலாம்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. வேர்ட்பிரஸ் என்ற பெயரில் இரண்டு கதவுகள் உள்ளன. ‘டொட் ஓர்க்’ என்று முடியும் முகவரியில் மென்பொருளை இறக்கி, உங்கள் சொந்த வழங்கியில் நிறுவிக்கொள்ளலாம். ‘டொட் கொம்’ என்று முடிவது, அதே மென்பொருளை ஒரு நிறுவனம் தன் வழங்கியில் வைத்து நடத்தும் சேவை. அங்கே என்ன செய்யலாம் என்பது நீங்கள் செலுத்தும் கட்டணத்தைப் பொறுத்தது. இரண்டையும் குழப்பிக்கொண்டு, பிளகின் நிறுவ முடியவில்லையே என்று தவிப்பவர்களை நிறையக் கண்டிருக்கிறேன். இந்தக் கட்டுரையில் நான் பேசுவது முதலாவதைப் பற்றி.

யாருக்கு எது

உப்புவெளி விடுதிக்காரர் கேட்டது எளிமையானது. “தம்பி, எனக்கு ஐந்து பக்கம் போதும். விலையை மட்டும் நானே மாற்ற வேண்டும்.”

“கணினியில் மாற்றுவீர்களா அண்ணா, கைத்தொலைபேசியிலா?”

“கைத்தொலைபேசியில்தான். கணினியை மகன் கொண்டுபோய்விட்டான்.”

ஐந்து பக்கம் என்றவுடன் எனக்கு ஹூகோ நினைவுக்கு வந்திருந்தது. ஹூகோ, ஜெகில் போன்றவற்றை நிலைத்தள ஆக்கிகள் என்பார்கள். இவற்றில் தரவுத்தளமே இல்லை. உங்கள் கணினியில் எளிய உரைக்கோப்புகளாக எழுதி வைத்தால், அவை முழுத் தளத்தையும் ஆயத்தப் பக்கங்களாக ஆக்கித் தரும். அவற்றை வழங்கியில் வைத்தால் வேலை முடிந்தது. வேகம் அபாரம். வழங்கியில் ஓடும் நிரல் எதுவும் இல்லாததால், உள்ளே நுழைந்து கெடுக்க வாசலும் குறைவு. உரைக்கோப்புகள் உங்கள் கையிலேயே இருக்கின்றன. எனக்குத் தனிப்பட்ட முறையில் மிகவும் பிடித்த வழி இது. ஆனால் ஒரு விலையை மாற்றவும் கணினியில் கட்டளை கொடுத்து ஆக்க வேண்டும். கைத்தொலைபேசியோடு வரவேற்பு மேசையில் நிற்கும் மனிதருக்கு இது சரிவராது. அவருக்கு வேர்ட்பிரஸ் சொன்னேன்.

வேர்ட்பிரஸ்ஸின் வலிமை அதைத் தெரிந்தவர்கள் எங்கும் இருக்கிறார்கள் என்பதுதான். உள்ளே நுழைந்த முதல் நாளே பக்கம் எழுதலாம். 2018 டிசம்பரில் வந்த 5.0 பதிப்பிலிருந்து அதன் எழுதுபெட்டி தொகுதிகளால் ஆனது. பந்தி ஒரு தொகுதி, படம் ஒரு தொகுதி, அட்டவணை ஒரு தொகுதி. இழுத்து மேலே கீழே வைக்கலாம். தளங்களுக்கு வழங்கியில் இடம் கொடுக்கும் ஹோஸ்டிங் நிறுவனங்கள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரே பொத்தானில் அதை நிறுவ முடிகிறது. தளம் கட்டியவர் ஊரைவிட்டுப் போனாலும், நகரத்தில் விசாரித்தால் அதைத் தொடத் தெரிந்த இன்னொருவர் அகப்படுவார். கொழும்பிலிருந்து தொலைவில் இருக்கும் நமக்கு இது சிறிய விடயம் இல்லை.

அதன் பலவீனமும் அதே இடத்திலிருந்து வருகிறது. எல்லாவற்றுக்கும் ஒரு பிளகின் கிடைக்கும் என்பதால், எல்லாவற்றுக்கும் ஒரு பிளகின் போட்டுவிடத் தோன்றும். எழுதியவர் கைவிட்ட பிளகின், உடைந்த பூட்டு போட்ட கதவு. வேர்ட்பிரஸ்ஸின் பட்டியலில் ஒவ்வொரு பிளகினுக்கும் கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது, எந்தப் பதிப்போடு சோதிக்கப்பட்டது என்று எழுதியிருக்கும். நிறுவுமுன் அந்த இரண்டு வரிகளைப் படிக்கத் தவறாதீர்கள். நான் விடுதிக்காரருக்கு நான்கு பிளகின்களோடு நிறுத்திக்கொண்டேன்.

பழைய மாணவர் சங்கத்தின் தேவை வேறு. தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் பக்கங்கள் வேண்டும். செயலாளர் எழுதியதைத் தலைவர் பார்த்த பிறகே வெளிவர வேண்டும். வேர்ட்பிரஸ்ஸில் பன்மொழி வசதி உட்கருவில் இல்லை. பொலிலாங் போன்ற ஒரு பிளகினை நம்பியிருக்க வேண்டும். ஜூம்லாவில் 2011 முதலே பன்மொழி வசதி கூடவே வருகிறது. யார் எதைப் பார்க்கலாம், யார் எதை மாற்றலாம் என்ற அனுமதி ஒழுங்கும் அதில் நுணுக்கமானது. வேர்ட்பிரஸ்ஸைவிடப் பழகக் கூடுதலாகச் சில நாட்கள் ஆகும், தெரிந்தவர்களும் குறைவு. சங்கத்தில் ஆர்வமுள்ள ஓர் ஆசிரியை இருந்தார், கற்றுக்கொள்ள நேரமும் அவருக்கு இருந்தது. அவரை நம்பியே ஜூம்லா சொன்னேன். அவர் இல்லாவிட்டால் வேர்ட்பிரஸ்ஸும் பொலிலாங்கும் என்றே சொல்லியிருப்பேன்.

ட்ரூபல் இதைவிடப் பெரிய கப்பல். பெல்ஜியத்தைச் சேர்ந்த ட்ரீஸ் பைட்டார்ட் மாணவராக இருந்தபோது தொடங்கி, 2001இல் திறமூலமாக வெளியிட்டது. சிக்கலான தரவு, பல வகையான பயனர்கள், பல மொழிகள் எல்லாம் ஒன்றாக வரும் இடத்தில் அது தன் திறமையைக் காட்டும். பல்கலைக்கழகம், மாவட்ட அளவிலான நிறுவனம், நூற்றுக்கணக்கான கோயில்களையும் குளங்களையும் ஒரே ஒழுங்கில் பதிவுசெய்யும் தகவல் திரட்டு போன்றவை அதற்கு ஏற்றவை. ஆனால் அதைக் கவனிக்கத் தெரிந்த ஒருவர் எப்போதும் பக்கத்தில் வேண்டும். 2014 ஒக்டோபர் 15ஆம் திகதி அதில் ஒரு பாரதூரமான ஓட்டை அறிவிக்கப்பட்டது; சரிசெய்யும் நிரலும் அன்றே வந்தது. ஏழு மணி நேரத்துக்குள் அதைப் போடாத தளங்கள் ஊடுருவப்பட்டுவிட்டதாகவே கருத வேண்டும் என்று ட்ரூபலின் பாதுகாப்புக் குழுவே பின்னர் அறிவித்தது. ஏழு மணி நேரம் என்றால், நமக்கு ஓர் இரவுத் தூக்கம். இன்னொன்று, அதன் 7ஆம் பதிப்பிலிருந்து 8ஆம் பதிப்புக்குப் போவது தளத்தைப் புதிதாகக் கட்டுவதற்குச் சமமான வேலையாக இருந்தது. 2011இல் வெளிவந்த 7ஆம் பதிப்புக்கான ஆதரவு 2025 ஜனவரியில் முடிந்தபோது, பல சிறிய அமைப்புகள் சிரமப்பட்டன. அதே மாதம், தொழில்நுட்பம் தெரியாதவர்களும் பயன்படுத்தலாம் என்ற நோக்கத்தோடு ட்ரூபல் சி.எம்.எஸ். என்ற இலகுவான வடிவம் வந்திருக்கிறது. நல்ல முயற்சி. ஆனாலும் முதல் தளத்துக்கு ட்ரூபலை நான் சொல்லமாட்டேன்.

மூன்றாவதாக வந்த இளைஞர்களிடம் பேசியபோதுதான் எனக்கு மனம் நிறைந்தது. பழைய கடிதங்கள், திருவிழாத் துண்டுப்பிரசுரங்கள், பிரட்றிக் கோட்டையின் பழைய படங்கள், கன்னியா வெந்நீர்க் கிணறுகளைப் பற்றிய குறிப்புகள் என்று சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களும் வேர்ட்பிரஸ் என்றுதான் வந்தார்கள். வேர்ட்பிரஸ் கட்டுரைக்குப் பிறந்தது. ஆவணத்துக்குப் பிறந்த மென்பொருள்கள் தனியே இருக்கின்றன. அமெரிக்காவின் ஜோர்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2008இல் வெளிவந்த ஒமேகா அவற்றுள் ஒன்று. ஒவ்வொரு பொருளுக்கும் தலைப்பு, ஆக்கியவர், திகதி, மொழி, உரிமை என்று ‘டப்ளின் கோர்’ எனப்படும் பதினைந்து விவரங்களை அது கேட்கும். நூலகங்கள் உலகெங்கும் பின்பற்றும் ஒழுங்கு அது. ஒரு படத்தை யார் எடுத்தார், எப்போது எடுத்தார் என்று இன்றைக்கு எழுதி வைக்காவிட்டால், பத்து ஆண்டுகளில் அது வெறும் படம். பலர் சேர்ந்து எழுதித் திருத்தும் களஞ்சியம் வேண்டுமானால் மீடியாவிக்கி. விக்கிப்பீடியா ஓடுவது அதில்தான். 2005இல் தொடங்கி ஈழத்துத் தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் எண்ணிமப்படுத்திவரும் நூலகம் தளத்தைக் கட்டியெழுப்பியதும் அதில்தான். இளைஞர்கள் ஒமேகாவைத் தெரிவுசெய்தார்கள்.

இன்னும் பல பெயர்கள் காதில் விழும். கோஸ்ட் என்பது எழுத்தாளர்களுக்கும் மின்னஞ்சல் மடல் அனுப்புபவர்களுக்கும் ஏற்றது, அழகானது. ஆனால் அது கேட்கும் வழங்கி வேறு வகை, மலிவான ஹோஸ்டிங்கில் பெரும்பாலும் ஓடாது. முதல் தளத்துக்கு இவ்வளவு பெயர்களே போதும்.

தமிழைக் கொண்டு சோதியுங்கள்

முறைமைகளை ஒப்பிடும் பெரும்பாலான விளக்கங்கள் ஆங்கிலத் தளங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. நம்முடைய சிக்கல்கள் அவற்றில் வருவதே இல்லை. ஆகவே இந்தப் பகுதியைச் சற்று நிதானமாக எழுதுகிறேன்.

முதலாவது, முகவரி. வேர்ட்பிரஸ்ஸில் தலைப்பை எழுதியவுடன் அதிலிருந்தே பக்கத்தின் முகவரியை அது உருவாக்கும். தமிழ்த் தலைப்பானால் தமிழ் முகவரி. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் முகவரிக்குள் தமிழ் எழுத்து அப்படியே போவதில்லை. எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையான யுனிகோடில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகள். முகவரியில் ஒவ்வொரு பைட்டும் ஒரு விழுக்காட்டுக் குறியும் இரண்டு எழுத்துகளுமாக மாறுகிறது. ஆக ஒரு குறிக்கு ஒன்பது இடம். ‘கோ’ நமக்கு ஓர் எழுத்து, யுனிகோடில் ககரமும் ஓகாரக் குறியும் ஆக இரண்டு, முகவரியில் பதினெட்டு இடம். வேர்ட்பிரஸ் இதற்கு ஒதுக்கியிருப்பது மொத்தம் 200 இடம். ‘திருகோணமலை கோணேசர் கோயில்’ என்று தலைப்பிட்டுப் பாருங்கள். இருபத்து மூன்று குறிகள், இரண்டு இணைப்புக்கோடுகள், மொத்தம் 209. மிகுதி வெட்டுப்படும், கடைசிப் புள்ளியை இழந்து ‘கோயில’ என்று முகவரி நிற்கும். மூன்றே சொற்களுக்கு இந்தக் கதி என்றால், நீண்ட தலைப்புகளின் நிலையை எண்ணிப் பாருங்கள். போதாததற்கு, அந்த முகவரியைப் படியெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது நான்கு வரிக்கு விழுக்காட்டுக் குறிகளாக நீளும். பார்ப்பவர் ஏதோ தீங்கான இணைப்பு என்று பயந்து திறக்கமாட்டார்.

நான் தலைப்பைத் தமிழில் நிறைவாக எழுதிவிட்டு, முகவரியை மட்டும் உரோம எழுத்தில் இரண்டு சொல்லில் கையால் எழுதுகிறேன். முகவரியிலும் தமிழ்தான் வேண்டும் என்று நினைப்பவர்களின் உணர்வை மதிக்கிறேன். அவர்கள் ஒரே ஒரு சிறிய சொல்லோடு நிறுத்திக்கொள்ளட்டும். எப்படியானாலும், முதல் நாளே முடிவெடுங்கள். ஐம்பது கட்டுரைக்குப் பிறகு முகவரிகளை மாற்றினால், பிறர் கொடுத்த இணைப்புகளெல்லாம் அறுந்துவிடும்.

இரண்டாவது, தேடல். நம் ஊரின் பெயரையே எடுத்துக்கொள்வோம். திருகோணமலை என்று எழுதுவோரும் உண்டு, திருக்கோணமலை என்று ஒற்றுப் போட்டு எழுதுவோரும் உண்டு, திருமலை என்று சுருக்குவோரும் உண்டு. வேர்ட்பிரஸ்ஸின் தேடல், கொடுத்த எழுத்துக்கோவை அப்படியே இருக்கிறதா என்று மட்டுமே பார்க்கும். ஒரு வடிவத்தைத் தேடினால் மற்ற இரண்டும் அகப்படா. ‘கோயில்’ என்று தேடினால் ‘கோயிலில்’ என்று எழுதிய கட்டுரை வராது, புள்ளி அங்கே மறைந்துவிடுகிறது. ட்ரூபலையும் ஒமேகாவையும் சோலர் போன்ற தனித் தேடுபொறிகளோடு இணைக்கலாம், ஆனால் அது தெரிந்தவர் செய்யும் வேலை. நாம் செய்யக்கூடியது, எழுத்து வழக்கு ஒன்றைத் தீர்மானித்து, எல்லோரும் அதையே எழுதுவதும், குறிச்சொற்களில் மற்ற வடிவங்களையும் சேர்ப்பதும்.

மூன்றாவது, பாமினி. அச்சகங்களிலும் சங்கங்களிலும் இன்னும் பாமினி எழுத்துருவில் தட்டிய கோப்புகள் குவிந்து கிடக்கின்றன. அவை உண்மையில் ஆங்கில எழுத்துகள்; அந்த எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் முகம் பூசுகிறது. தளத்தில் அப்படியே ஒட்டினால், படிப்பவரின் கைத்தொலைபேசியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். தேடுபொறிக்கும் அது தமிழ் இல்லை. எந்த முறைமையைத் தெரிவுசெய்தாலும், உள்ளே போவது யுனிகோட்டாக இருக்க வேண்டும். இதற்கான மாற்றிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றிய பிறகு ஒரு தடவை மெய்ப்புப் பாருங்கள்.

தீம் பற்றி ஒன்றே ஒன்று. தீமின் மாதிரிப் பக்கத்தில் இருக்கும் ஆங்கிலத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஆங்கிலத்தில் நான்கு எழுத்துச் சொற்களால் ஆன பட்டியல், ‘எங்களைப் பற்றி’, ‘தொடர்புகளுக்கு’, ‘நிகழ்வுகள்’ என்று எழுதியவுடன் இரண்டு வரியாக உடையும். வரிகளுக்கிடையே இடைவெளி குறைந்த தீம்களில் மேலே புள்ளியும் கீழே உகரச் சுழியும் வெட்டுப்படும். உங்கள் சொந்தப் பந்தி ஒன்றை ஒட்டி, சிறிய கைத்தொலைபேசியில் பார்த்துத் தீர்மானியுங்கள்.

செலவும் பராமரிப்பும்

மென்பொருளுக்குக் காசு இல்லை. ஆனால் தளத்தின் முகவரியான டொமைன் பெயருக்கும் ஹோஸ்டிங்குக்கும் ஆண்டுதோறும் செலுத்த வேண்டும். ‘டொட் எல்கே’ என்று முடியும் பெயரை வாங்கலாம். 2010இல் இருந்து ‘.இலங்கை’ என்று தமிழிலேயே முடியும் பெயர்களும் உண்டு. ஹோஸ்டிங்கை வெளிநாட்டில் வாங்கினால் கட்டணம் டொலரில் வரும். 2022இல் மார்ச் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாயாக இருந்த டொலர், மே மாதத்தில் 360ஐத் தொட்டதை நாம் மறந்திருக்கமாட்டோம். அந்த ஆண்டு புதுப்பிக்க முடியாமல் நின்ற சிறிய தளங்களை நான் அறிவேன். சங்கங்களுக்கு நான் சொல்வது, கட்டணத்தை ரூபாயில் வாங்கும் உள்நாட்டு நிறுவனத்தைப் பாருங்கள். அல்லது ஓராண்டுக் கட்டணத்தை முன்கூட்டியே ஒதுக்கி வையுங்கள்.

புதுப்பித்தல் வேலை ஓயாது. வேர்ட்பிரஸ் 2013இல் வந்த 3.7 பதிப்பிலிருந்து சிறிய பாதுகாப்புத் திருத்தங்களைத் தானாகவே போட்டுக்கொள்கிறது. பிளகின்களையும் தீம்களையும் நீங்கள் பார்க்க வேண்டும். மாதம் ஒருமுறை ஒரு மணி நேரம் ஒதுக்கக்கூடிய ஒருவர் இல்லையென்றால், தரவுத்தளம் உள்ள முறைமை எதையும் தொடங்காதீர்கள். அப்படிப்பட்டவர்களுக்கு ஹூகோவில் கட்டிய அமைதியான ஐந்து பக்கங்களே பாதுகாப்பு.

படங்களின் நிறையையும் கவனியுங்கள். கோட்டை வாசலில் நிற்கும் மான்களை இன்றைய கைத்தொலைபேசியில் எடுத்தால், ஒரு படம் நான்கு, ஐந்து மெகாபைட் வரும். வேர்ட்பிரஸ் தானாகவே அதைப் பல அளவுகளில் சிறிதாக்கி வைத்துக்கொள்ளும். மூலப்படமும் வழங்கியில் கிடக்கும். மலிவான ஹோஸ்டிங்கில் இடம் தீர்ந்துபோவது பெரும்பாலும் இதனால்தான். ஏற்றுமுன் சிறிதாக்கிவிடுங்கள்.

முடிவெடுக்குமுன் ஒரு வார இறுதியை இதற்குக் கொடுங்கள். எக்ஸாம்ப் போன்ற இலவச மென்பொருளை உங்கள் கணினியில் போட்டால், இணையம் இல்லாமலே வேர்ட்பிரஸ்ஸையும் ஜூம்லாவையும் நிறுவிப் பார்க்கலாம். உங்களுடைய உண்மையான பத்துப் பக்கங்களை ஏற்றுங்கள். தளத்தைத் தொடப்போகிறவரை உட்காரவைத்து, நீங்கள் வாய் திறக்காமல், ஒரு பக்கத்தை எழுதச் சொல்லுங்கள். எங்கே அவர் தயங்குகிறார் என்று பாருங்கள். பிறகு எல்லாவற்றையும் ஏற்றுமதி செய்து, வெறுமையான இன்னொரு நிறுவலில் இறக்கிப் பாருங்கள். வேர்ட்பிரஸ் உரையனைத்தையும் ஒரே எக்ஸ்.எம்.எல். கோப்பாகத் தரும், படங்கள் அந்தக் கோப்புக்குள் இருக்காது, அவற்றைத் தனியாகப் படியெடுக்க வேண்டும். இதைத் தெரியாமல் இருந்துவிட்டு, இடர் வந்த அன்று தெரிந்துகொள்ளக் கூடாது.

சாவிகளைப் பற்றி மட்டும் இன்னும் கொஞ்சம். டொமைன் பெயர் சங்கத்தின் பெயரில் பதிவாகியிருக்க வேண்டும், கட்டிக்கொடுத்தவர் பெயரில் இருக்கக் கூடாது. பதிவுக்குக் கொடுக்கும் மின்னஞ்சலும் சங்கத்துடையதாக இருக்கட்டும். நிர்வாகி என்ற முழு அதிகாரம் இரண்டு பேருக்குப் போதும், ஒருவருக்கு மட்டும் கொடுப்பதும் ஆபத்து. மற்றவர்களுக்கு ஆசிரியர், எழுத்தாளர் என்ற குறைந்த அதிகாரங்கள் இருக்கின்றன.

எங்கள் வாசகர் வட்டத்தின் புதிய தளம் வேர்ட்பிரஸ்ஸில் இருக்கிறது. மூன்று பிளகின்கள். ஒவ்வொரு கூட்டத்துக்குப் பிறகும் காப்புப்பிரதி எடுத்து, ஒன்றைப் பொருளாளர் வீட்டிலும் இன்னொன்றை என் வீட்டிலும் வைக்கிறோம். கடவுச்சொற்கள் எழுதிய தாளை உறையிலிட்டு ஒட்டி, கூட்ட அறிக்கைப் புத்தகத்தோடு அலுமாரியில் பூட்டி வைத்திருக்கிறோம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்தக் காப்புப்பிரதியிலிருந்து தளத்தை என் மடிக்கணினியில் மீட்டுப் பார்ப்பேன். சென்ற மாதம் மீட்டபோது எல்லாப் பக்கங்களும் வந்தன. அவற்றுள் ஒன்று புதியது. மூதூர் முதியவர் சொன்னவற்றில் ஒரு பகுதியின் கைப்படி அவருடைய மகளிடம் இருந்தது. பதினோரு தாள்கள். வள்ளங்களின் பெயர்கள் அதில் இருந்தன. தட்டச்சுச் செய்து ஏற்றிவிட்டோம்.